வெள்ளிக்கிழமை வீரகத்தியர்

ஆத்திமோட்டையில் வீரகத்தி என்ற பெயரோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மீசை வீரகத்தி. மற்றவர் வெள்ளிக்கிழமை வீரகத்தியர். மீசைக்காரருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை, காரணம் முகத்திலேயே இருந்தது. மற்றவருக்குத்தான் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பிறந்தது தென்மராட்சியில், மட்டுவில் பக்கம். தகப்பனின் காணி பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது வீரகத்தியருக்குக் கிடைத்த துண்டில் ஒரு மாட்டைக் கட்டினால், அது திரும்பி நிற்பதற்குப் பக்கத்து வேலிக்கு மேலால் தலையை நீட்ட வேண்டும். அரசாங்கம் செட்டிகுளத்துப் பக்கம் குளம் திருத்தி வயல்காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டவுடன், மனைவி சிவனேஸ்வரியையும் ஒரு பிள்ளையார் படத்தையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். ஆனையிறவு தாண்டும்போது சிவனேஸ்வரி கண்ணைத் துடைத்தாராம். "உப்புக் காத்துக் கண்ணிலை பட்டது, வேறையொண்டுமில்லை" என்று அவர் பிறகும் சாதித்தார். வீரகத்தியரும் அதை நம்புவதாகவே காட்டிக்கொண்டார்.

காடு வெட்டினார்கள், கட்டை பிடுங்கினார்கள், யானைக்குப் பயந்து மரத்தில் பரண் கட்டிக் காவலிருந்தார்கள். குளக்கட்டில் ஒரு கல்லை நட்டு, அதற்குப் பிள்ளையார் என்று பெயர் சொல்லி, முதல் விதைப்பு அன்றைக்கு அறுகம்புல் வைத்தார்கள். பிள்ளையார் குறை வைக்கவில்லை. மண் நல்ல மண். பச்சைப்பெருமாள் நெல்லை விதைத்தால் மாசி மாதத்தில் கதிர் நிமிர மாட்டாமல் கிடக்கும்.

விளைவிப்பதில் வீரகத்தியருக்கு ஒரு குறையும் இல்லை. விற்பதில்தான் இருந்தது. அந்த மனுஷனுக்குப் பேரம் பேச வராது. பேரம் பேசப் போனால் காது இரண்டும் சிவந்துவிடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை செட்டிகுளத்துக் கடையில் மண்வெட்டி வாங்கப் போனார். கடைக்காரர் வழக்கம்போல ஒரு பெரிய விலையைச் சொல்ல, இவர் மறுபேச்சில்லாமல் மடியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். கடைக்காரருக்கே மனம் கேட்கவில்லை. "ஐயோ அண்ணை, கொஞ்சமெண்டாலும் குறைச்சுக் கேட்டிருக்கலாமே" என்று கூப்பிட்டு, மண்வெட்டிக்கு ஒரு மரப்பிடியும் சும்மா கொடுத்து அனுப்பினார்.

இப்படிப்பட்டவர் நெல் விற்கப் போனால் என்ன ஆகும்? மாசி மாதம் பிறந்தால் சனிக்கிழமைதோறும் வவுனியாவிலிருந்து தில்லைநாதன் முதலாளியின் லொறி வரும். ஆத்திமோட்டைக்கு வருகிற ஒரே லொறி அதுதான். முதலாளி பொல்லாதவர் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு, பிள்ளைகளுக்குக் கொடுக்க இனிப்புப் பொட்டலம். ஆனால் விலை அவருடைய வாயில் இருந்தது, அளவு அவருடைய ஆள் சின்னராசாவின் கையில் இருந்தது. சின்னராசா மரைக்கால் என்ற அளவுப் பாத்திரத்தை நெல்லுக்குள் முக்கி எடுத்து, இடது கையை வேலிபோல வளைத்துப் பிடித்து, அதற்கு மேல் ஒரு சின்னக் கோபுரம் எழுப்புவான். முதல் அளவுக்கு, நெல் அளக்கிற எல்லாரையும்போல, ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று நீட்டிப் பாடுவான். கோபுரம் சரியாமல் அது சாக்குக்குள் விழும்வரை வீரகத்தியர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"என்ன வீரகத்தியர், குறை ஏதும் இருக்கோ?" என்று முதலாளி கேட்பார்.

"இல்லை முதலாளி" என்பார் இவர்.

வீட்டுக்குள்ளிருந்து சிவனேஸ்வரி, "கேட்ட கேள்விக்கு இவர் எண்டைக்குத்தான் ஓம் எண்டு சொல்லுவார்?" என்று பானையை ஒரு தட்டுத் தட்டி வைப்பார்.

அரசாங்கம் ஒரு புசல் நெல்லுக்குப் பன்னிரண்டு ரூபாய் உத்தரவாத விலை என்று சொல்லியிருந்தது. முதலாளி கொடுத்தது எட்டு. வானம் கறுத்தால் ஏழரை. பட்டணத்துக்குக் கொண்டுபோய் உத்தரவாத விலைக்கு விற்க மாட்டுவண்டிக்குத் தூரம் அதிகம், கொண்டுபோனாலும் வண்டிக் கூலி மிச்சத்தைத் தின்றுவிடும். வீரகத்தியருக்கு இதில் பணத்தைவிட வேறு ஒரு ஆசை இருந்தது. ஒரு பலகையில் விலையை எழுதித் தொங்கவிட வேண்டும். ஆரும் ஆரிடமும் கெஞ்சக் கூடாது, ஆரும் காது சிவக்கக் கூடாது. நெல்லைத் தராசில் வைத்தால் தராசே பேச வேண்டும். குளக்கட்டுப் பிள்ளையாரிடம் அவர் கேட்ட வரம் இதுதான்.

பிள்ளையாரிடம் மட்டும் கேட்டுவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. செட்டிகுளத்துக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனார். போனார், போனார், செருப்புத் தேயப் போனார். துணைக்குப் பக்கீர் வந்தார்.

பக்கீர் சந்தியடியில் இருந்தவர். வயலும் உண்டு, இரண்டு மாட்டுவண்டியும் உண்டு, வண்டில்கள் நிற்கப் பெரிய கொட்டில் ஒன்றும் உண்டு. இவர்கள் இருவரில் ஆர் மூத்தவர் என்று இருவருக்குமே தெரியாது. ஆகையால் இவர் அவரை "நானா" என்பார், அவர் இவரை "அண்ணை" என்பார். மரியாதையை இருவரும் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டிருந்ததால் ஒருவருக்கும் குறையவில்லை.

அறுபத்தோராம் ஆண்டு தை மாதம் சங்கம் இணங்கியது. கதிர்காமநாதன் என்ற உத்தியோகத்தர் சைக்கிளில் ஆத்திமோட்டைக்கு வந்து, பக்கீரின் கொட்டிலில் கூட்டம் வைத்தார். கண்ணாடி போட்ட, நல்ல குணமான பொடியன். "மாசி பிறந்தவுடனை லொறி வரும், தராசு வரும், விலைப் பலகை வரும், கையிலை காசு. கிழமையிலை ஒருநாள். எந்த நாள் உங்களுக்கு வசதி?" என்று கேட்டார்.

வீரகத்தியருக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு விம்மியது. நல்ல காரியம் தொடங்கப்போகிறது. நல்ல காரியத்துக்கு நல்ல நாள் எது? அம்மனுக்கு உகந்த நாள், விளக்கேற்றுகிற நாள். யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை, ஐயா!" என்றார்.

பக்கீரும் துள்ளி எழும்பினார். "எங்களுக்கும் அதுதான் நல்ல நாள். வெள்ளிக்கிழமையை மாதிரி நாள் வேறை இல்லை!"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். சைவக்காரரும் கைதட்டினார்கள், இஸ்லாமானவர்களும் கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை என்று உறுதியாயிற்று. ஊர் முழுக்கப் பக்தி இருந்தது, அந்தக் கொட்டிலில் அன்றைக்கு யோசனை மட்டும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சிவனேஸ்வரி குசினியில் அகப்பையோடு நின்றார். அகப்பை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"இஞ்சருங்கோ, வெள்ளிக்கிழமையோ?"

"ஓம், வெள்ளிக்கிழமை. நான்தான் கேட்டு வாங்கினனான்."

"வெள்ளிக்கிழமை கொம்பறையாலை நெல்லு அள்ளி வெளியிலை குடுக்கிறதோ? லட்சுமியைக் கழுத்திலை பிடிச்சுத் தள்ளுற மாதிரி. என்ர அம்மா ஒரு கைப்பிடி உப்புக்கூட வெள்ளிக்கிழமை அயலுக்குக் குடுக்கமாட்டா."

வீரகத்தியர் கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய அம்மாவும் கொடுக்கமாட்டாதான். அந்த ஊரிலே எந்த வீட்டிலும் கொடுக்கமாட்டார்கள். மண்ணால் மெழுகி, காலில் நிறுத்தி, வைக்கோலால் கூரை வேய்ந்த நெற்கூடான ஒவ்வொரு கொம்பறைக்கும் வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணிப் புகைதான், கதவு திறவாது.

முதல் வெள்ளிக்கிழமை லொறி வந்தது. ஆலமரத்தின் கீழ் தராசு தூக்கிக் கட்டினார்கள். பலகை தொங்கியது, வெண்கட்டியால் பெரிதாகப் புசலுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று விலை எழுதியிருந்தது. வீரகத்தியர் அந்தப் பலகைக்கு முன்னால் கைகூப்பாத குறையாக நின்றார். ஆனால் ஒரு சாக்கும் வரவில்லை. சைவக்காரர் வீடுகளில் கொம்பறை மூடிக் கிடந்தது. லொறி வந்து சேர்ந்தது உச்சிப் பொழுது. அந்த நேரம் இஸ்லாமானவர்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்கு அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்போது லொறி போன தூசிதான் மிச்சம்.

அடுத்தநாள் சனி. தில்லைநாதன் முதலாளி லொறியிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். "வெள்ளி உங்களுக்கு விரதம், சனி எனக்குப் பொங்கல். நல்லாய் நாள் பாத்திருக்கிறியள் வீரகத்தியர்!" சின்னராசாவின் கோபுரம் அன்றைக்கு ஒரு விரற்கடை கூடவே உயர்ந்தது.

இரண்டாம் வெள்ளிக்கிழமையும் அதே கதைதான். ஒரு காகம் மட்டும் தராசுத் தட்டில் வந்து இருந்து பார்த்துவிட்டுப் போனது. கதிர்காமநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, நீங்கள் செருப்புத் தேய வந்து கேட்டபடியாலைதான் இந்த லொறி. வாற வெள்ளியும் வெறுமையாய்ப் போனா, சங்கத்திலை வேறை ஊருக்குத் திருப்பச் சொல்லிப்போட்டினம். பிறகு நான் நினைச்சாலும் திருப்பேலாது."

"நாளை மாத்தேலாதோ ஐயா?" வீரகத்தியரின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"மற்ற நாளெல்லாம் மற்ற ஊருக்குக் குடுத்தாச்சு. வெள்ளி நீங்களாய் வாயாலை கேட்டு வாங்கின நாள். ஏன் அண்ணை, என்ன பிரச்சினை?"

தான் கேட்ட நாளைத் தானே வேண்டாம் என்று சொல்வது எப்படி? காது இரண்டும் சிவந்தன. "ஒண்டுமில்லை ஐயா. வாற கிழமை பாப்பம்" என்றார்.

ஊரில் கதை பரவியது. மீசை வீரகத்தி குளக்கட்டில் நின்று, "என்ன, வெள்ளிக்கிழமை வீரகத்தியர், கோயிலுக்கோ லொறிக்கோ?" என்று கேட்க, குளிக்க வந்தவர்கள் தண்ணீருக்குள் நின்று சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பெயர் பிறந்தது. வீரகத்தியரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றபோது சிரிப்பு வரவில்லை. பலகை போய்விட்டால் இனி இந்த ஊருக்கு இன்னொரு பலகை வராது. வரவழைத்தவனும் தான்தான், கெடுத்தவனும் தான்தான்.

புதன்கிழமை பின்னேரம் பக்கீர் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டே இருவரும் பெருமூச்சு விட்டார்கள்.

"அண்ணை, பிழை என்னிலையும் இருக்கு. நானெல்லோ துள்ளி எழும்பினனான்."

"நீங்கள் எனக்குப் பிறகுதானே நானா துள்ளினியள். முதல் துள்ளினது நான்."

சிவனேஸ்வரி முற்றத்தில் சுளகோடு இருந்து அரிசி புடைத்தபடி இந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கீர் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். "அக்கா, கேக்கிறன் எண்டு கோவிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நெல்லு வீட்டாலை வெளிக்கிடக் கூடாது, சரி. வியாழக்கிழமை வெளிக்கிட்டா?"

"வியாழன் வெளிக்கிடலாம். விளக்கு வைக்கிறதுக்கு முன்னம்."

"வெளிக்கிட்டது வெள்ளி வரைக்கும் என்ர கொட்டிலிலை கிடந்தா?"

புடைத்த சுளகு நின்றது. சிவனேஸ்வரி யோசித்தார். அவருடைய சட்டதிட்டம் அரசாங்கக் கச்சேரிச் சட்டத்தைவிடக் கண்டிப்பானது, ஆனால் நியாயமானது.

"வியாழக்கிழமை மனசாலை சங்கத்துக்கெண்டு குடுத்துப்போட்டால், அது குடுத்ததுதான். பிறகு எங்கை கிடந்தாலும் என்ன. ஆனால் ஆனை வந்தால்?"

"ஆனைக்கு நான் பொறுப்பு. கொட்டிலைச் சுத்தி முள்ளு அடைச்சிருக்கு."

வீரகத்தியர் இடையில் புகுந்தார். "அது சரி, லொறி வாற நேரம் நீங்கள் பள்ளியிலை. உங்கட ஆக்களின்ர நெல்லை ஆர் நிறுக்கிறது?"

"நீங்கள்தான்" என்றார் பக்கீர். "நாங்களும் வியாழக்கிழமையே கொண்டந்து போடுறம். உங்கட நெல்லு என்ர கொட்டிலிலை, என்ர நெல்லு உங்கட கையிலை. ஆருக்கு ஆரிலை சந்தேகம்?"

சிவனேஸ்வரி திடீரென்று சிரித்தார். "மெய்யே, இன்னுமொண்டு கேளுங்கோ. சங்கத்திலை கையிலையெல்லோ காசு தருகினம்? வெள்ளிக்கிழமை காசு வீட்டுக்கு வாறது எவ்வளவு நல்லது! லட்சுமி வியாழன் வெளிக்கிட்டு வெள்ளி திரும்பி வாறா. இவர் தெரியாமல் கேட்டாலும் நல்ல நாளைத்தான் கேட்டிருக்கிறார்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து மனைவி தன்னை இப்படிப் புகழ்ந்தது வீரகத்தியருக்கு ஞாபகத்தில் இல்லை. மிச்சத் தேத்தண்ணி ஆறிப்போனதும் தெரியாமல் இருந்தார்.

வியாழக்கிழமை ஆத்திமோட்டை திருவிழாப்போல இருந்தது. பக்கீரின் வண்டில்கள் இரண்டும் வீடு வீடாகப் போயின. கொம்பறையைத் திறந்து, முதல் அள்ளலை ஒரு பெட்டியில் வீட்டுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கில் கட்டினார்கள். "விளக்கு வைக்கப் போகினம், கெதியாய், கெதியாய்!" என்று பெண்கள் மாட்டையும் விரட்டினார்கள், ஆண்களையும் விரட்டினார்கள். பொழுது படும்போது பக்கீரின் கொட்டில் முகடு தொட்டு நெல்மூடை. பக்கீரின் மாடுகள் வெளியில் நின்று, எங்கள் வீட்டில் இது ஆர் என்பதுபோலப் பார்த்தன.

அப்போது சிவனேஸ்வரி ஒரு கைவிளக்கோடு வந்து தயங்கி நின்றார். பக்கீரின் மனைவி சரீபா வெளியில் வந்தார்.

"சரீபா, கோவிக்கக் கூடாது. நெல்லு கிடக்கிற இடம் இருட்டாய் இருக்கக் கூடாது. ஒரு சின்ன விளக்கு வைக்கட்டோ?"

"வைக்கோல் கொட்டிலுக்குள்ளை விளக்கோ? அக்கா, லட்சுமியோட சேத்து எங்களையும் எரிச்சுப்போடாதேங்கோ!" சரீபா வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு உள்ளே போய் அரிக்கன் லாந்தரைக் கொண்டுவந்து கொட்டில் வாசலில் கூரையைத் தாங்கும் கப்பில் மாட்டினார். "ஆனைக்கெண்டு இது எப்பவும் கொளுத்துறதுதான். உங்கட லட்சுமிக்கும் இது காணாதோ?"

"காணும், இவ்வளவே போதும்" என்றார் சிவனேஸ்வரி. இருவரும் அந்த லாந்தரின் கீழ் நின்று வெற்றிலை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பக்கீர் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டார். "அண்ணை, துஆக் கேக்கிறன். நீங்கள் இஞ்சை நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு நடந்தார். வீரகத்தியர் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கொட்டில் வாசலில் நின்றார். ஊரவர்கள் ஆலமரத்தின் கீழ் கூடினார்கள்.

லொறிச் சத்தம் கேட்டது. எல்லாரும் எழும்பினார்கள். வந்தது சங்கத்து லொறி இல்லை. தில்லைநாதன் முதலாளி இறங்கினார். பின்னால் சின்னராசா மரைக்காலோடு குதித்தான்.

"என்ன ஊர் கூடி நிக்குது?" முதலாளி கொட்டிலை எட்டிப் பார்த்தார். கண் விரிந்தது. "கேள்விப்பட்டது சரிதான். வீரகத்தியர், இஞ்சை பாருங்கோ. ஏன் சங்கத்து லொறியைப் பாத்துக்கொண்டு வெயிலுக்குள்ளை நிக்கிறியள்? அவங்கட பன்னிரண்டை நான் தாறன். இப்ப, இந்த நிமிஷம். ஏத்துவமோ?"

ஆலமரத்தின் கீழ் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இளையதம்பி என்றொருவர், எப்போதும் அவசரப்படுகிறவர், முன்னுக்கு வந்துவிட்டார். "அதே விலையெண்டா ஆருக்குக் குடுத்தா என்ன? லொறி வருமோ வராதோ ஆருக்குத் தெரியும்? என்ர மூடையை இறக்குங்கோ."

வீரகத்தியர் இளையதம்பியின் பக்கம் திரும்பினார். ஆருக்குக் கொடுத்தால் என்ன என்று இளையதம்பி கேட்டது கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குக் கொட்டில் காலியானால் சங்கத்து லொறி மூன்றாம் முறையும் வெறுமையாய்த் திரும்பும். பலகை போய்விடும். அடுத்த சனிக்கிழமை முதலாளி ஒருவர்தான் வாசலில் நிற்பார். பிறகு பன்னிரண்டு எங்கே, எட்டு எங்கே? இதையெல்லாம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்று நினைத்தவுடனேயே காது சிவந்து, நாக்குப் போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி இளையதம்பி" என்று பின்னாலிருந்து சிவனேஸ்வரி குரல் கொடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி, அக்கா."

"வெள்ளிக்கிழமை நீர் நெல்லுக் குடுப்பீரோ?"

"அது நேற்று வெளிக்கிட்ட நெல்லெல்லோ!"

"நேற்று ஆருக்கெண்டு வெளிக்கிட்டது? சங்கத்துக்கெண்டு. நேற்றே குடுத்தாச்சு. இப்ப அதைத் திருப்பி வாங்கி முதலாளிக்குக் குடுத்தால், அது வெள்ளிக்கிழமை குடுத்ததுதான். உம்மட அம்மா இருந்தா இதைப் பாத்துக்கொண்டு நிப்பாவோ?"

இளையதம்பி சாக்கில் வைத்த கையை எடுத்துவிட்டார். பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும், "ஓம், அது சரிதானே" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

சிவனேஸ்வரி முதலாளியின் பக்கம் திரும்பினார். "முதலாளி, நீங்களும் திருநீறு பூசுற ஆள். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து காசு குடுப்பியளோ? அதாலைதானே சனிக்கிழமை சனிக்கிழமை வாறனியள்?"

முதலாளி மடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாய் வெடித்தது. "அம்மா, உங்களுக்கு ஒளிச்சு என்ன? நான் நேற்றே பெட்டியாலை எடுத்து மடியிலை கட்டிக்கொண்டு வந்திட்டன்!"

ஆலமரமே குலுங்குவதுபோலச் சனம் சிரித்தது. சின்னராசா மரைக்காலைக் கவிழ்த்து அதற்கு மேல் இருந்துகொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் வீரகத்தியருடைய நாக்கு அவிழ்ந்தது. அது எப்படி நடந்தது என்று அவருக்குப் பிறகும் தெரியாது. பிள்ளையார் செய்தது என்றுதான் சொல்லுவார்.

"முதலாளி, நாளைக்கு வாங்கோ" என்றார். தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. "இந்த நெல்லு சங்கத்தின்ர. ஆனால் எல்லாற்ற கொம்பறையிலும் இன்னும் கிடக்கு. நாளைக்கு நீங்களும் பன்னிரண்டு எண்டா உங்களுக்கும் தருவம். கோபுரம் வேண்டாம். தடியாலை வழிச்சு அளக்க வேணும்."

"வழிச்சோ?" என்றார் முதலாளி.

"வழிச்சுத்தான். உங்களுக்கு எங்களிலை கோவம் வேண்டாம், எங்களுக்கும் உங்களிலை இல்லை. ஒராள் மட்டும் வந்தா அவர் சொல்லுறதுதான் விலை. ரெண்டு பேர் வந்தா நாங்களும் ஒரு சொல்லுச் சொல்லலாம். அவ்வளவுதான்."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினை வருஷம் இந்த வாயை எங்கை வைச்சிருந்தனீர் காணும்?"

"மேலண்ணத்திலை" என்றார் சிவனேஸ்வரி.

இந்த நேரம் சங்கத்து லொறி குளக்கட்டு வழியாகத் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. கதிர்காமநாதன் இறங்கினார். வெறுமையான ஆலமரத்தையும் காகத்தையும் எதிர்பார்த்து வந்தவர் கொட்டிலைக் கண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பலகை தொங்கியது. தராசு ஏறியது. அவர் ஒரு நெல்மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். மணி டக்கென்று உடைந்தது. "நல்லாய்க் காஞ்ச நெல்லு" என்றார். வீரகத்தியர் தன்னுடைய மூடைகளைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, முதலில் பக்கீருடையதையும் பள்ளிக்குப் போன மற்றவர்களுடையதையும் தராசில் ஏற்றினார். முள் நடுவுக்கு வந்து நிற்கும்வரை அவரே குனிந்து பார்த்தார். தராசு பேசியது. ஒருவரும் கெஞ்சவில்லை.

முதலாளி லொறியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. ஒரு மூடைக்கு மேல் ஏறி இருந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். சங்கம் எப்படி நிறுக்கிறது என்று பார்க்க வந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டார்.

தொழுகை முடிந்து பக்கீர் வேகமாக நடந்து வந்தார். கொட்டில் பாதி காலியாகி இருந்ததைக் கண்டு, "யா அல்லாஹ், ஆனையோ?" என்று கேட்டார்.

"ஆனையில்லை நானா, லொறி" என்றார் வீரகத்தியர். பக்கீருக்குரிய காசை ஒரு வெற்றிலைமேல் வைத்து இரு கையாலும் கொடுத்தார். பக்கீர் அதை எண்ணாமலே மடியில் வைத்தார்.

எல்லாம் முடிந்தபிறகு கதிர்காமநாதன் ஆறுதலாகக் கேட்டார். "இப்பவெண்டாலும் சொல்லுங்கோ. முன்னம் ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

வீரகத்தியர் சொன்னார். கொம்பறையையும் லட்சுமியையும் சொன்னார். பக்கீர் தன் பங்குக்குப் பள்ளியையும் உச்சி நேரத்தையும் சொன்னார். கதிர்காமநாதன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "என்ர அம்மாவும் இதைத்தான் செய்யிறவா. எனக்கே ஞாபகம் வரேல்லை! சரி, கஷ்டப்பட வேண்டாம். ஒரு ஊரைச் சரிக்கட்டி உங்களுக்குப் புதன்கிழமையை எடுத்துத் தாறன்."

"வேண்டாம் ஐயா!" என்று மூன்று குரல்கள் ஒன்றாய் எழுந்தன. வீரகத்தியர், பக்கீர், சிவனேஸ்வரி.

"வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள்" என்றார் சிவனேஸ்வரி, முந்தானையில் காசை முடிந்தபடி.

மறுநாள் சனி. முதலாளி வந்தார். சின்னராசா கையில் மரைக்காலோடு ஒரு வழிதடியும் இருந்தது. முதல் அளவை எடுத்து, கோபுரம் கட்டப்போன கையை ஒரு தரம் தானே நிறுத்தி, தடியால் ஒரே இழுப்பில் வழித்தான். மேல் நெல் பொலபொலவென்று திரும்ப வீரகத்தியருடைய நெற்கும்பியிலேயே விழுந்தது. "லாபம்!" என்று பாடினான். வீரகத்தியர் அன்றைக்குத்தான் முதன்முதலாய் அந்தச் சொல்லைக் கேட்டு மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு மாசி மாதங்களில் ஆத்திமோட்டைக்கு இரண்டு லொறி வந்தது. சில வருஷம் முதலாளி சங்கத்தைவிட ஐம்பது சதம் கூடவும் தந்தார். வீரகத்தியர் பேரம் பேசப் பழகிவிட்டாரா என்றால், இல்லை. மண்வெட்டிக் கடைக்காரர் கடைசிவரை அவருக்குப் பிடி சும்மாதான் கொடுத்தார். நெல்லுக்கு மட்டும் வாய் திறந்தது. வியாழக்கிழமைப் பின்னேரங்களில் பக்கீரின் கொட்டில் கப்பில் அந்த அரிக்கன் லாந்தர் தொங்கியது. அதன் சிம்னியைத் துடைத்து எண்ணெய் விடுகிற வேலையைச் சரீபா ஒரு கிழமையும் சிவனேஸ்வரி ஒரு கிழமையுமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தன் முறை வந்தால் சிவனேஸ்வரி ஒரு பொட்டுச் சந்தனத்தைக் கப்பின் பின்பக்கத்தில், ஒருவரும் காணாத இடத்தில், வைத்துவிட்டு வருவார். சரீபா அதைக் கண்டார், ஆனால் துடைக்கவில்லை.